மாசிலாமணியும் வாட்டழும்பும்: உவமைப் பொருள் கொள்ளுமுறை பற்றியோர் ஆராய்ச்சி

சென்னைக்கு மேற்றிசையில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே விளங்குவது வடதிருமுல்லைவாயில் என்னும் பழம்பதி. ஆண்டுச் சிவபெருமான் மாசிலாமணியீசர் எனவும், அம்மையார் கொடியிடைநாயகி எனவும் திருநாமம் பூண்டு எழுந்தருளியிருக்கின்றனர். அத்தலத்தை வழிபட்டு மீண்ட அன்பரொருவர் அண்மையில் எம்மிடத்து வந்து ஒரு வினா நிகழ்த்தினார்.

"ஐயா, பெருமானை மாசிலாமணி என்கின்றோம். அவர் இலிங்கத் திருமேனியில் தொண்டைமானது வாள் பட்ட ஊறு உண்டென்றும், அது தணியச் சந்தனக்காப்புச் சாத்துகின்றனரென்றும் சொல்லுகின்றோம். அக்காப்பினை ஆண்டுக்கொருமுறை சித்திரைத் திங்களிற் களைந்து புதுக்குகின்றனர். தழும்புடைய மணி மாசிலாமணி யாவது எங்ஙனம் என்று என் இளைய மகன் கேட்டான். எனக்கு விடை தோன்றவில்லை. பிரசங்கி ஒருவரைக் கேட்டேன். 'அவையெல்லாம் வெறும் அலங்காரம். யானை ஆணவம், கொடி அருள், வாள் அகங்காரம், அவ்வளவே' என்றார். அதைக் கேட்டபின் என் மனம் அமைதியுறவில்லை. இத்தனை யாண்டு யான் தொழுதது அலங்காரத்தைத்தானா?"

அன்பர் வினாவில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. அணியாகச் சொல்லியதை அணியென்று அறிந்து, அதன் பொருளை எவ்வளவிற் கொள்வது என்பது ஒன்று. அணியல்லாததை அணியாக்கி விடாமை மற்றொன்று. இவ்விரண்டனுள் எதிற் பிழைத்தாலும் சித்தாந்தப் பொருளும் பத்தியும் ஒருங்கே கெடும். ஆகலின் இதனைச் சிறிது விரித்து ஆராய்தல் தகும்.

முதற்கண் இலக்கண நூலார் கூறியதைக் காண்போம். தொல்காப்பியனார் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் பற்றி உவமை பிறக்கும் என்றார். தண்டியாசிரியர் பண்பு, தொழில், பயன் என மூன்றாக வகுத்தார். இவ்வகுப்பின் பயன் யாது? உவமை கேட்டவிடத்து 'இது எதுபற்றி வந்தது?' என்று வினவி, அது பற்றிய அளவிலே நின்றுவிடுதலே அதன் பயன். 'புலி போலப் பாய்ந்தான்' என்றவழிப் பாய்தலாகிய வினையே ஒப்பு. வாலும் வரியும் கொள்ளற்பாலன அல்ல. இதனையே உரையாசிரியர்கள் ஒருபுடை ஒப்புமை என்பர். உலக வழக்கிலே இது யாவர்க்கும் தெரிந்ததே. 'அவன் வீட்டுக்குத் தூண்' என்று கேட்டு, அவன்மேல் உத்தரம் ஏற்றுவார் ஒருவரும் இலர். ஆயினும் சமயப் பொருளிடத்து வந்தவுடன் அறிவுடையாரும் உத்தரம் ஏற்றத் தொடங்குகின்றனர். இதுவே வியப்பு.

வழக்கினுள்ளும் சொல் ஒன்று, பொருள் ஒன்றாய் வருவன பல. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினர். சுடுகாட்டை நன்காடு என்றலும், ஓலையைத் திருமுகம் என்றலும், கரிய ஆட்டை வெள்ளாடு என்றலும் மங்கலத்திற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள். வெள்ளாடு என்று கேட்டு வெண்ணிற ஆட்டைத் தேடிப் புறப்படுவான் உளனாயின் அவனைப் பேதை என்போம். ஆடு கரிது, சொல் வெளிது, இரண்டும் மெய்யே. சொல்லினால் ஆடு பொய்யாகி விடுவதுமில்லை. இவ்வுண்மையை மனத்துட் பதித்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனித் தலத்தின் திருநாமங்களை நோக்குவோம். கொடியிடை என்பது கொடி போலும் இடை என விரிதலின் உவமைத்தொகை. ஈண்டு ஒப்பு நுண்மையும் துவட்சியுமே. கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும் என்பதையும் உடன்கொண்டு, 'சத்தி சிவத்தின் வேறாய் நின்று, பின்னர் அதனைப் பற்றிப் படர்வது' என்று ஒருவர் விரிப்பாராயின் அது சித்தாந்தத்திற்கு மாறாய் முடியும். சிவமும் சத்தியும் ஞாயிறும் கதிரும் போலவும், தீயும் சூடும் போலவும் குணகுணித் தன்மையாற் பிரிப்பின்றி நிற்பன. கொம்பும் கொடியும் இரு வேறு வித்தினின்று முளைத்தவை. பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்றும் வழங்குவர். ஆண்டு வல்லி என்னுஞ் சொல்லும் கொடியென்னும் பொருட்டே. மகளிரைக் குறிக்குமிடத்து மென்மை பற்றி வருவது. உவமை கொண்ட அளவினைக் கடவாமையே அறிவு.

மாசிலாமணி என்பதில் ஒப்பு யாது? ஒளியும் தூய்மையும். மாசு என்றது ஈண்டு மலத்தை. பரிமேலழகர் சைவாகமம் பற்றி எடுத்தோதிய எண்குணங்களுள் இயல்பாகவே பாசங்களின் நீங்குதல் என்பது ஒன்று. 'மாசு நீங்கிய மணி' என்னாது 'மாசிலாமணி' என்றமை கருதத் தக்கது. மாசு நீங்கிய மணி உயிர். அதற்கு முன்னர் மாசு உண்டு, பின்னர் அருளால் அது தேயும். மாசிலாத மணி இறைவன். அவனுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இந்நுட்பத்தைத் தருவதற்கே அவ்வுருவகம் வந்தது. மணிக்கடையிலே கல்லின் கீறலை ஆராயும் கண்கொண்டு இதனை நோக்குதல் உவமையின் எல்லையைக் கடத்தலாம். கீறல் என்பது வேறு, மலம் என்பது வேறு. வாள் தீண்டியது திருமேனியை. மலம் தீண்டாதது இறைவன் தன்மையை.

அவ்வளவேயன்று. அத்தழும்பு வந்த வரலாறு யாது? தொண்டைமான் குறும்பர்மேற் படையெடுத்துச் சென்றபோது அவன் ஊர்ந்த களிற்றின் காலை முல்லைக்கொடி சூழ்ந்து பிணித்தது. அரசன் கொடியை வாளால் எறிந்தான். உள்ளிருந்த இலிங்கத் திருமேனியினின்று குருதி பெருகியது. அது கண்டு பதைத்துத் தன் கழுத்தை அரியப் புக்கான். பெருமான் வெளிப்பட்டுத் தடுத்தாண்டார் என்பது தல வரலாறு. அறியாது செய்தான் பிழையைத் தன்மேல் ஏற்று, அப்பிழையையே அவனுக்கு அருள்வாயிலாக்கினான் இறைவன். ஆகவே தழும்பு குறைக்கு அறிகுறியன்று, கருணைக்கு அறிகுறி. நஞ்சுண்ட கண்டத்தின் கருமையைக் 'கறை' என்றே அருளாசிரியர் பாடினர். கறை என்னுஞ் சொல் உலகில் இழிவு குறிப்பது. இறைவனிடத்து அதுவே பிறரைக் காத்தமைக்குச் சான்றாய் நின்று புகழாயிற்று. முல்லைவாயிற் பெருமானது தழும்பும் அத்தன்மைத்து. இதனை அன்பர் தம் மகனுக்கு அஞ்சாது சொல்லலாம்.

இனிப் பிரசங்கியார் கூற்றுக்கு வருவோம். யானை ஆணவத்தையும், கொடி அருளையும் நினைப்பிக்கும் என்று உட்பொருள் காண்டல் தவறன்று. தொழுவார்க்கு அஃது ஓர் அருந்துணையும் ஆகும். 'அவ்வளவே' என்றதுதான் தவறு. நம்பியாரூரர் இத்தலத்திற் பாடிய பதிகம் ஏழாந் திருமுறையில் 69-ஆவதாக உள்ளது. தொண்டைமான் களிற்றை முல்லைக்கொடியாற் பிணித்து, பின் அவனுக்கு இறைவன் அருளிய செய்தியை அதனுள் அவர் நிகழ்ந்ததாகவே எடுத்துரைக்கின்றார். உட்பொருள் ஒன்றும் ஆண்டு விரித்தாரல்லர்.

அப்பதிகம் பாடியபொழுது சுந்தரமூர்த்திகளின் நிலை யாது என்பதைச் சிந்திக்க. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சபதம் தப்பி, எல்லை கடந்தமையாற் கண்ணொளி இழந்து, வழி தெரியாது தடுமாறி வந்த காலம் அது. சங்கிலியை முன்னிட்டு இறைவன் தம் கண்ணைக் கொண்டதை அப்பதிகத்திலேயே குறிப்பிட்டு, தம் துயரைக் களைய வேண்டும் என்று பாட்டுத்தோறும் இரக்கின்றார். 'கண்ணிழந்தார் என்பது ஞானம் மறைந்தார் என்னும் அலங்காரம்' என ஒருவர் உரைப்பாராயின், அவ்விரக்கம் என்னாகும்? கண்ணில்லாதான் ஒருவன் திருவாயிலைத் தடவி நின்று அழும் அழுகை, நூலெழுதுவான் ஒருவனுடைய சொல்லணியாய்ச் சுருங்கிப் போம். அடுத்துத் திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் அளித்ததும், காஞ்சியில் இடக்கண் தந்ததும், திருவாரூரில் வலக்கண் தந்ததும் அனைத்தும் அவ்வாறே ஆவியாய் மறையும். கோலும் ஓர் அலங்காரமாயின் அதனை ஊன்றி நடந்தவர் யார்?

அத்திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் நின்ற இடம் 1944-இற் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அகப்பட்டு, கோயில் அயலிலே புதிதாக எடுக்கப்பட்டது. ஆண்டு நிகழ்ந்த சொல்லாடலில் அணி உண்டு, அதனை மறுக்கவேண்டுவதில்லை. கோயிலுளே இருக்கின்றீரோ என்று தோழர் கேட்க, யாம் இங்கே உள்ளோம், நீர் போம் என்னும் கருத்துப்பட இறைவன் விடையிறுத்தார். தோழனைத் தோழன் 'நீர்' எனப் பன்மையால் விளித்தலில் மரியாதை இல்லை, அயன்மை உண்டு. சொல் உயர்வு, குறிப்பு ஊடல். இக்குறிப்பை உணராதார் அவ்விடையை உபசாரமென்றே கொள்வர். உணர்ந்தார்க்கு அது நெஞ்சைச் சுடும். அணி நிகழ்ச்சியை அழிப்பதன்று, நிகழ்ச்சியின் உள்ளத்தைக் காட்டுவது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இப்பகுதியிலேயே திருவேற்காடு இருக்கின்றது. மூர்க்க நாயனார் அவதரித்த பதி. அடியாரை அமுது செய்விக்கச் சூதாடிப் பொருளீட்டி, ஆட்டத்தில் மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினமையால் அவர்க்கு மூர்க்கர் என்னும் பெயர் வந்தது. நிகண்டினை விரித்து மூர்க்கர் என்பதற்குப் பொருள் கண்டு அவரை இகழ்வது அறியாமை. வசைச்சொல்லாய்ப் பிறந்தது திருத்தொண்டத்தொகையுள் ஏறியபின் வணக்கச் சொல்லாயிற்று. சுந்தரர் புத்தூரிற் பித்தன் என்று ஏசிய சொல்லே அவருடைய முதற்பதிகத்தின் முதற் சொல்லாய் அமைந்ததும் இத்தன்மைத்து. சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை. சொல்லுவார் நெஞ்சிலும் சொல்லும் இடத்திலும் உளது.

இதுகாறும் தல வரலாறு பற்றிக் கூறினோம். சாத்திரப் பொருளிடத்து உவமைப் பிழை இன்னும் பெரிய கேடு விளைக்கும். நம் சமயத்தின் முப்பொருட் பெயர்களே உருவகத்தின் வழிப்பட்டவை என்பதைப் பலரும் எண்ணுவதில்லை. பசு கட்டுண்ட ஆ, பாசம் கட்டிய கயிறு, பதி உடையவன். இவ்வுருவகத்திலிருந்து கொள்ளற்பாலது உயிர் கட்டுண்டிருத்தலும், தானே அவிழ்த்துக்கொள்ள இயலாமையும், உடையான் ஒருவன் உளன் என்பதுமே. 'கயிற்றைத் திரித்துக் கட்டினவன் உடையான்தானே. ஆகலின் ஆணவ மலத்தையும் இறைவனே உயிர்க்குப் பூட்டினான்' என்று வாதிப்பார்க்கு உவமை உவமையாகாமற் பிழையாய் முடிகின்றது. ஆணவம் அநாதி, செம்பிற் களிம்பு போல உயிரோடு உடனாயது.

அக்களிம்பு உவமையையும் சிலர் நீட்டுவர். 'புளியிட்டுத் துலக்கிய செம்பு மறுநாள் மீண்டும் களிம்பேறுகின்றதே. முத்தியுயிரும் அவ்வாறு மீண்டும் கட்டுறுமோ?' என்பர். களிம்பு உவமை அநாதிச் சேர்க்கையைக் காட்ட வந்தது. முத்தி நிலையைக் காட்ட வந்ததன்று. முத்தி நிலைக்கு ஆசிரியர்கள் வேறு உவமை வைத்துளர்: இரசகுளிகை பட்ட செம்பு பொன்னாவது. ஓருவமையை அதன் எல்லைக்கப்பால் இழுப்பார்க்கு, அவ்வெல்லைக்கு அப்பாலே மற்றோருவமை காத்து நிற்றலைக் காண்க.

எல்லையை ஆசிரியர் தாமே குறித்துக் காட்டிய இடமும் உண்டு. உமாபதிசிவாசாரியார் நூறு குறட்பாக்களாற் செய்த திருவருட்பயனுள் மூன்றாம் அதிகாரம் இருண்மலநிலை. ஆணவத்தை இருள் என்று அதிகாரப் பெயரிலேயே உருவகித்தவர், அதனுள்ளே அவ்வுருவகம் எவ்விடத்து ஒவ்வாது என்றும் கூறுகின்றார்: இருள் பிற பொருளை மறைக்கும், ஆயினும் தன்னைக் காட்டும், ஆணவமோ பிறவற்றையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவர் கருத்து. இருட்டிலிருப்பவன் தான் இருட்டிலிருப்பதை அறிவான். ஆணவத்துள் இருப்பவன் அதனையும் அறியான். உவமை நின்றுவிடும் இடத்திலே உண்மை மேலும் ஒரு படி ஆழ்கின்றது. உவமையைக் கையாளும் நேர்மைக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி யாம் அறியோம்.

இறைவனுக்கும் உயிர்க்கும் உள்ள அத்துவித சம்பந்தத்தை உணர்த்தும்போது அவ்வாசிரியர் செய்தது இன்னும் நோக்கத்தக்கது. சிவப்பிரகாசத்துள், பொன்னும் பணியும் போல ஒன்றேயென்பாரையும், இருளும் ஒளியும் போல வேறேயென்பாரையும், சொல்லும் பொருளும் போல ஒன்றும் வேறும் என்பாரையும் விலக்கினார். ஒவ்வொரு கொள்கையும் ஒவ்வோர் உவமையின்மேல் ஏறி நின்றதை இதனால் அறிகின்றோம். பின்னர்த் தம் கொள்கைக்கு உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், உயிரறிவும் கண்ணொளியும் என மூன்று உவமைகளை ஒருங்கே தந்தார். கலப்பினால் ஒன்றாதற்கு முதலது. பொருட்டன்மையால் வேறாதற்கு இரண்டாவது. உயிர்க்குயிராய் உடனாதற்கு மூன்றாவது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையிரண்டையும் கைவிடுவான் ஏகான்ம வாதியாகவோ பேத வாதியாகவோ ஆவான், சித்தாந்தி ஆகான். திருவருட்பயனுள் முத்திக் கலப்பிற்குத் தாள், தலை என்னும் இரு சொல்லும் தாடலை எனப் புணர்தலை உவமையாக்கியதும் இதுபற்றியே. செவிக்கு ஒரு சொல். பிரித்துணர்வார்க்கு இரு சொல். இரண்டில் ஒன்றும் அழியவில்லை.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தினை 12 சூத்திரங்களால் அருளி, ஒவ்வோரதிகரணத்திலும் மேற்கோளும் ஏதுவும் கூறி உதாரண வெண்பாவும் அமைத்தார். எடுத்துக்காட்டு ஏதுவுக்குப் பின்னர் வருவது. ஏதுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதன்று. எட்டாஞ் சூத்திரத்தில் ஐம்புலன்களை வேடரென உருவகித்தார். அரசன் மகன் வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த கதை அதன் விரிவே. ஈண்டு ஒப்பு தன்னை அறியாமையும், தந்தையாகிய குரு வந்து உணர்த்துதலுமாம். ஒன்பதாஞ் சூத்திரத்திற் பாசத்திற்குப் பேய்த்தேரை உவமையாக்கினார். கானல்நீர் என்றவுடன் 'உலகம் பொய்' என்று முடிவு கட்டுவார் மாயாவாதியார். மாயையை நித்தப் பொருளெனக் கொள்ளும் நாம் அவ்வாறு கொள்ளற்கில்லை. நிலையின்றி விரைந்து கழிதலே ஈண்டு ஒப்பு. உவமை ஒன்றே, நூல் இரண்டாயின் பொருளும் இரண்டாம். ஆகலின் உவமைக்குப் பொருள் உவமையினின்று எடுக்கப்படுவதில்லை. நூலின் கொள்கையினின்று எடுக்கப்படுவது.

'உவமை உவமேயத்தினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியனார் விதியன்றோ. இறைவனினும் உயர்ந்தது ஒன்று யாண்டுளது? ஆகலின் அவனுக்கு உவமை கூறுதலே குற்றமன்றோ?' எனின், நன்று வினவினீர். திருவள்ளுவரும் ஏழாங் குறளில் இறைவன் உவமையற்றவன் என்றே ஓதினார். அடுத்த குறளிலே அறத்தைக் கடலாக உருவகித்து அவனைச் சொல்லுகின்றார். ஆண்டு ஆழி என்பதனைச் சக்கரமென உரைப்பாரும் உளர் என்று பரிமேலழகரே காட்டினர். உருவகம் ஒன்றின் பொருள் வேறுபடச் சமயமே வேறுபடுதலை அவ்விடத்துக் காணலாம். உவமையற்றவனுக்கு உவமை கூறியது முரணன்று. அவனை அளத்தற்கு உவமை இல்லை. நம்மை அவன்பால் உய்த்தற்கு உவமை உண்டு. ஏணி மாடத்தினும் உயர்ந்ததாதல் வேண்டுவதில்லை. மாடத்தைத் தொடுதல் போதும்.

இறுதியாக ஒன்று. நாம் நாடோறும் வழங்கும் தொடர்கள் சில தேய்ந்து பொருளிழந்து கிடக்கின்றன. ஒருவர் இறந்துபடின் 'சிவபதம் அடைந்தார்', 'திருவடி நிழல் எய்தினார்' என்று அச்சிட்டு அனுப்புகின்றோம். அங்ஙனம் அனுப்புவாருள் நிழல் என்றது யாதென எண்ணினார் எத்துணையர்? அருவமாயும் நிற்கும் இறைவனுக்குத் திருவடி என்றது அவன் திருவருளை. நிழல் என்றது பிறவி வெம்மை தணிதலை. நாவுக்கரசு சுவாமிகள் அந்நிழலின் இனிமைக்கு யாழொலி, மாலை மதியம், தென்றல், இளவேனில், வண்டு சூழும் பொய்கை என்னும் ஐந்தனையும் உவமையாக வைத்தார். எங்கிருந்து வைத்தார்? சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையினுள் இருந்து. வெந்தழலின் நடுவே இருந்து நிழல் என்றவர்க்கு அது சொல்லணி மட்டுமா? உவமை அணியே, அது சுட்டிய இன்பமோ அவர் உயிரைக் காத்த மெய்ப்பொருள். வெள்ளாடு என்ற சொல்லினால் ஆடு பொய்யாகவில்லை என்று முன்னர்க் கூறியதை ஈண்டு நினைவு கூர்க.

ஆகவே அன்பர்க்கு எம் விடை இதுவாம். உவமையைக் கண்டவழி, எதுபற்றி வந்தது என்று வினவி அவ்வளவிலே நிற்க. உட்பொருள் கூறுவார் கூறுக. நிகழ்ந்ததை இல்லையென்று மட்டும் கூறாதிருக்க. சமயாசாரியர் உவமித்த இடத்து உவமையென்றும், உரைத்த இடத்து உரையென்றும் கொள்க. முல்லைவாயில் சென்று, எருக்கந் தூண்களைக் கடந்து, தொண்டைமானுக்குத் துணை புறப்பட்டமையாற் பெருமானை நோக்காது கிழக்கு நோக்கியிருக்கும் நந்தி தேவரை வணங்கி, சந்தனக்காப்பின்கண் உறையும் பெருமானைத் தொழும்போது, மகனிடத்து இங்ஙனம் சொல்லுக: "அப்பா, மாசு என்பது நம்முடையது, தழும்பு என்பது நமக்காக அவர் கொண்டது."

திருச்சிற்றம்பலம்.